மூடைக் கணக்கு எழுதிய சுவர்

"சுவருக்கு வெள்ளை அடிக்கலாமா அக்கா?" என்று அந்தப் பிள்ளைகள் கேட்டபோது யோசிக்காமல் ஓம் என்று சொல்லிவிட்டேன். படம் மாட்டுகிற இடம் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்கும் ஒரு நினைப்பு. ஒரு கிழவர் வந்து அதை நிறுத்தினார். அவர் வந்திராவிட்டால் எங்கள் அம்மப்பாவின் கையெழுத்தை நானே காசு கொடுத்து அழித்திருப்பேன்.

எங்கள் பழைய நெல் கிட்டங்கி மட்டக்களப்பு நகரில், புளியந்தீவில் வாவிக்கரை ஓரமாக இருக்கிறது. அறுபது அடி நீளம், முப்பது அடி அகலம், சுண்ணாம்புச் சாந்து பூசிய தடித்த செங்கல் சுவர், கூரையைத் தாங்கும் முதிரை மரத் தீராந்திகள். இரண்டு வாசல். தெருப்பக்கம் ஒன்று, வாவிப்பக்கம் ஒன்று. வாவிப்பக்கத்து வாசல்தான் பெரியது. வாவிக்கு அக்கரையான படுவான்கரையிலிருந்து தோணியில் வந்த நெல் அந்த வழியாகத்தான் உள்ளே வரும். எங்கள் பகுதியில் வீடும் வளவும் பெண் வழியில் வருகிறவை, எனவே அம்மாவுக்குச் சீதனமாக வந்த கிட்டங்கி இப்போது எனக்கும் லண்டனில் இருக்கிற அக்காவுக்கும் என்று ஆகியிருக்கிறது. 1978 நவம்பர் 23 சூறாவளியில் ஓட்டுக் கூரை முழுவதும் பறந்து போனது. அதற்குப் பிறகு போட்டதுதான் இப்போதுள்ள அஸ்பெஸ்டஸ் சீற். பின்னர் போர் வந்தது. வலையிறவுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஆட்சி, இந்தப் பக்கம் ஒரு ஆட்சி என்று ஆனபின் நெல் வரத்துக் குறைந்து, கடைசியில் நின்றே போனது. நான் வளர்ந்த காலத்தில் அது பழைய கதவு, உடைந்த கதிரை, தண்ணீர்த் தாங்கி எல்லாம் போட்டு வைக்கிற இடம்.

பிள்ளைகள் நாலு பேர். நுண்கலை படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டு இருக்கிறவர்கள். மட்டக்களப்பில் சித்திரம் படிக்க இடம் இருக்கிறது, கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. கூத்துக்குக் களரி இருக்கிறது, கோயில் வீதி இருக்கிறது. வரைந்து முடித்த படத்தை ஒரு மாதம் மாட்டி வைத்து, வருகிறவர்களுக்குக் காட்ட என்று ஒரு சுவர் இல்லை. பாடசாலை மண்டபத்தைக் கேட்டால் பரீட்சை என்பார்கள், திருமண மண்டபத்தைக் கேட்டால் ஒரு நாள் வாடகையே தாங்காது. அதனால்தான் எங்கள் கிட்டங்கியைக் கேட்டு வந்தார்கள். ஐந்து நாளுக்கு.

பொருட்களை வெளியே எடுத்து, கூட்டி, ஒட்டறை அடித்தோம். வடக்குச் சுவரில் நெஞ்சு உயரத்தில் கரிக்கோடுகள் தெரிந்தன. நான் சின்ன வயதில் பார்த்த கோடுகள்தான், யாரோ பிள்ளைகள் கிறுக்கினது என்று நினைத்திருந்தேன். சுண்ணாம்பு வாளி வந்து இறங்கிய அன்று பின்னேரம், தெருவால் போன ஒரு வயதானவர் திறந்திருந்த கதவைப் பார்த்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். சாரம், தோளில் ஒரு துவாய். அம்மப்பாவின் காலத்தில் இங்கே மூடை சுமந்த நாட்டாமைமாரில் கடைசி ஆள் அவர் என்று பிறகுதான் தெரிந்தது.

நேரே அந்தச் சுவருக்குப் போனார். விரலை வைத்தார். நாலு நிமிர்ந்த கோடு, குறுக்கே ஒரு கோடு. அது ஐந்து மூடை. அப்படி நாலு கட்டு வந்தால் கீழே ஒரு வட்டம். சில வட்டத்துக்குள் ஒரு புள்ளி இருந்தது.

"இது உங்கட அம்மப்பாட கணக்கு புள்ள. புள்ளி வச்சது ஈர நெல். காயப் போட்டுத்தான் அடுக்கிற. ஆரு இதில வெள்ளை அடிக்கப் போறது?"

யாரும் வாய் திறக்கவில்லை. வாளி மூன்று நாள் அப்படியே வாசலில் இருந்தது. பிறகு அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

அன்று இரவு அக்காவோடு தொலைபேசியில் இதைச் சொன்னேன். அவள் சொன்னாள், "நீ இங்க வந்தப்ப டேட்டில நிலத்தில குனிஞ்சு தடவிப் பாத்தியே, மறந்திட்டியா?" மறக்கவில்லை. ஆனால் அவள் சொல்லும்வரை இரண்டையும் சேர்த்து யோசிக்கவும் இல்லை.

டேட் மொடேர்ன் தேம்ஸ் ஆற்றங்கரையில் இருந்த ஒரு மின்சார நிலையம். கைல்ஸ் கில்பர்ட் ஸ்கொட் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. இங்கிலாந்தின் சிவப்புத் தொலைபேசிக் கூண்டும் அவர் வடிவமைத்ததுதான். 1981-இல் நிலையத்தை மூடினார்கள். 2000-ஆம் ஆண்டு மே மாதம் அது நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகமாகத் திறந்தது. மாற்றி அமைத்தவர்கள் ஹெர்சோக், டி மியூரோன் என்ற சுவிற்சர்லாந்துக் கட்டடக் கலைஞர்கள். புகைபோக்கியை இடிக்கவில்லை. டர்பைன் இருந்த மண்டபத்தை அறை அறையாகப் பிரிக்கவில்லை, அப்படியே வெறுமையாக விட்டார்கள். சுமார் 150 மீட்டர் நீளம், 35 மீட்டர் உயரம். உள்ளே இறங்கும்போது நம் கோயில் வெளி மண்டபத்துக்குள் போகிற மாதிரிக் குரல் தானாகத் தணியும். கட்டணம் இல்லை, நிரந்தரச் சேகரிப்பை யாரும் போய்ப் பார்க்கலாம். பள்ளிப் பிள்ளைகள் அந்தச் சரிவான நிலத்தில் உருண்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நான் குனிந்து தடவியது ஒரு தழும்பை. 2007-இல் கொலம்பிய நாட்டுக் கலைஞர் டோரிஸ் சால்செடோ அந்த மண்டபத்தின் நிலத்தில், வளைந்து வளைந்து 167 மீட்டர் நீளத்துக்கு ஒரு வெடிப்பை உண்டாக்கினார். மயிரிழை மாதிரித் தொடங்கிப் போகப் போக அகன்று ஆழமாகும் வெடிப்பு. இனவாதத்தையும், எல்லை தாண்டி வருகிறவர்களை ஒரு நாடு எப்படி நடத்துகிறது என்பதையும் பற்றிய வேலை. கண்காட்சி முடிந்ததும் வெடிப்பை நிரப்பினார்கள். நிரப்பிய கோடு இன்றும் தெரியும். அதன் மேல் காலை வைத்துக்கொண்டு சனங்கள் போகிறார்கள், வருகிறார்கள். நிலம் முழுவதையும் திரும்பப் போட்டு மறைத்திருக்கலாம், காசு இல்லாத இடமா அது? எனக்கு அங்கே பார்த்த அத்தனை படங்களிலும் இந்தக் கோடுதான் நினைவில் நிற்கிறது. கரடுமுரடாக, விரல் நுனிக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

இதைச் சொல்கிறபோது கொச்சியையும் சொல்ல வேண்டும். 2012 டிசம்பர் 12-இல் தொடங்கிய கொச்சி முசிரிஸ் பினாலே என்ற கலைக் கண்காட்சி, மிளகும் தேங்காய் எண்ணெயும் ஏற்றுமதி செய்த பழைய வணிக வளாகமான அஸ்பின்வால் ஹவுஸை முக்கிய இடமாக வைத்துத்தான் நடந்தது. நான் போனதில்லை, போக ஆசை. கிட்டங்கி என்ற சொல் எங்களுக்கும் மலையாளிகளுக்கும் பொதுவான ஒன்றில்லையா, அந்த வகையில் ஒரு சொந்தம்.

கொழும்பில் கொம்பனித்தெருவில் ரியோ தியேட்டர் இருந்தது. 1965-இல் திறந்தது, ஒரு தமிழ்க் குடும்பத்தின் சொத்து. பக்கத்திலேயே ஹோட்டலும் கட்டினார்கள். 1983 ஜூலை இனக் கலவரத்தில் எரித்தார்கள். 2019-இல் கொழும்பஸ்கோப் கலை விழா அந்தக் கட்டடத்துக்குள் நடந்தது. கரி படிந்த சுவர், கண்ணாடி இல்லாத யன்னல், அவற்றுக்கு நடுவில் இன்றைய கலைஞர்களின் வேலை. அதைப் பார்த்துவிட்டு வந்த ஒரு தோழி, எந்தப் படத்தையும் பற்றிப் பேசவில்லை. "மாடிப்படியில நிண்டன், அவ்வளவுதான்" என்றாள். அவள் குடும்பம் அந்த ஜூலையில் கொழும்பிலிருந்து கப்பலில் வந்தது. சுவருக்கு வெள்ளை அடித்து, குளிரூட்டி போட்டு, அழகாக ஒளி பாய்ச்சியிருந்தால் அவள் அந்தப் படியில் நின்றிருப்பாளா என்று எனக்குத் தெரியாது. நின்றிருக்க மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் பழைய கட்டடம் என்றால் மட்டும் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. அம்மாவை 2023-இல் வைத்திய சோதனைக்குக் கொழும்புக்குக் கூட்டிப் போனேன். கொள்ளுப்பிட்டியில் கிரெஸ்கட் கடைத் தொகுதிக்குள் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகலாம் என்று போனோம், அம்மாவுக்கு வெயில் தாங்கவில்லை. அங்கேதான் நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. 2019 டிசம்பரில் வேறொரு அலுவலகக் கோபுரத்தில் தொடங்கி, பிறகு இந்தக் கடைத் தொகுதிக்கு வந்தது. துணிக்கடை, சாப்பாட்டுக்கடை பார்த்துக்கொண்டு போகிறவர்கள் கண்ணில் படுகிற இடம். அம்மா வாசலில் நின்று உள்ளே பார்த்தார்.

"உள்ளுக்குப் போகலாமா? காசு எவ்வளவு?"

அங்கே நின்ற பிள்ளை தமிழில், "காசு இல்லை அம்மா, வாங்க" என்றாள்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுவரில் இருந்த தமிழை ஒவ்வொரு வரியாக வாசித்தார். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருந்தன. நாங்கள் பழகியது வேறு மாதிரி. அரசாங்கப் பலகையில் தமிழ் கீழே, சின்னதாக, எழுத்துப் பிழையோடு இருக்கும். இங்கே பிழை இல்லை என்பதை அம்மாதான் முதலில் சொன்னார், முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவர். ஒரு மணி நேரம் உள்ளே இருந்தோம். எழுபத்தொரு வயதில் அம்மா முதல் தடவையாக ஒரு கலைக்கூடத்துக்குள் போனது அன்றுதான். அந்தப் பிள்ளை பின்னால் வந்து விளக்கம் சொல்லித் தொல்லை கொடுக்கவில்லை. அம்மா கேட்டபோது மட்டும் பக்கத்தில் வந்து பேசினாள். வெளியே வந்ததும், "இப்பிடி ஒண்டு எங்கட ஊரில இருந்தா நான் பின்னேரத்தில வந்து இருப்பன்" என்றார். கடைத் தொகுதி பழைய கட்டடம் இல்லை. அதற்கு எந்தத் தழும்பும் இல்லை. ஆனால் வாசல் இருந்தது, அம்மா தன்பாட்டில் நடந்து உள்ளே போகக்கூடிய வாசல்.

அம்மா சொன்னதுதான் நான் கிட்டங்கியைக் கொடுத்ததற்குக் காரணம்.

கண்காட்சி நடந்தது ஆடி மாதம். கச்சான் காற்று நெருப்பாக வீசுகிற நேரம். பகலில் யாரும் வர மாட்டார்கள் என்று பின்னேரம் நாலு மணிக்குத் திறந்து இரவு எட்டு மணிக்கு மூடினோம். வாவிப்பக்கக் கதவை முழுவதும் திறந்து விட்டால் ஐந்து மணிக்குப் பிறகு காற்று உள்ளே வரும், நாலு மின்விசிறி போதும். அஸ்பெஸ்டஸ் சீற்றில் துளை போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அதை வெட்டினாலும் துளைத்தாலும் கிளம்புகிற தூசு நுரையீரலுக்குக் கூடாது. எல்லாவற்றையும் தீராந்தியிலிருந்து நைலோன் கயிற்றில் தொங்கவிட்டார்கள். சுவரில் ஒரு ஆணி அடிக்கவில்லை. கடதாசியில் செய்த படங்களை வெளிச்சம் கூடினால் நிறம் போய்விடும் என்று ஓர் ஓரத்தில் மங்கலாக வைத்தார்கள். பெரிய அருங்காட்சியகங்களில் கடதாசிக்கும் துணிக்கும் 50 லக்ஸ் வெளிச்சம்தான் வைப்பார்கள் என்று அதில் ஒரு பையன் சொன்னான். கைத்தொலைபேசியில் அளந்து அளந்து பல்பை மாற்றினான்.

ஒரு வேலையைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன். நாலு பேரில் ஒரு பிள்ளை வெல்லாவெளிப் பக்கம், வேளாண்மைக் குடும்பம். பழைய சணல் சாக்குகள் இருபத்துநாலைப் பிரித்து ஒன்றோடொன்று தைத்து, தீராந்தியிலிருந்து நிலம்வரை திரை மாதிரித் தொங்கவிட்டிருந்தாள். அதில் அவள் அம்மா, அம்மம்மா, பெரியம்மா இவர்கள் அடகு வைத்த நகைகளின் உருவங்களை மஞ்சள் நூலால் போட்டிருந்தாள். ஒரு சோடித் தோடு, ஒரு அட்டியல், ஒரு தாலிக்கொடி. ஒவ்வொன்றின் கீழும் எந்தப் போகத்துக்கு வைத்தது என்று. மீட்டவற்றை நிறைத்துத் தைத்திருந்தாள். மீளாதவற்றுக்கு ஓரக்கோடு மட்டும். கிட்டப் போய்ப் பார்த்தால் ஓரக்கோடுகள்தான் அதிகம்.

நாட்டாமைப் பெரியவர் முதல் நாளே வந்தார். வெள்ளைச் சேர்ட் போட்டிருந்தார். திரையின் முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு இரண்டு சாக்குச் சேர்கிற இடத்தைப் பிடித்து இழுத்தார்.

"என்ன புள்ள இது, சாக்கை இப்பிடியா தைக்கிற? ஒரு மழைக்குத் தாங்காது."

அந்தப் பிள்ளையின் முகம் சுருங்கியது. எனக்கும் சங்கடமாக இருந்தது. அவரோ வீட்டுக்குப் போய்ச் சாக்கு ஊசியோடு திரும்பி வந்தார். வளைந்த முனை, உள்ளங்கை அகலத்துக்கு நீளம், பிடிக்கிற இடம் தேய்ந்து பளபளத்தது. நிலத்தில் சப்பணம் கட்டி இருந்துகொண்டு, சாக்கின் விளிம்பை இரண்டு தரம் மடித்து, ஒரு தையல் முன்னால் போனால் அரைத் தையல் பின்னால் வருகிற மாதிரித் தைத்துக் காட்டினார். மூலையில் சணலை முறுக்கி ஒரு காது விட்டார். அந்தக் காதைப் பிடித்துத்தான் மூடையைத் தோளுக்கு ஏற்றுவார்களாம். பிள்ளை பக்கத்தில் இருந்து கற்றுக்கொண்டாள். அடுத்த நாள் அவள் தன் பழைய தையலைப் பிரிக்கவில்லை, அவர் தைத்த பகுதியையும் மறைக்கவில்லை. இரண்டு தையலும் ஒரே சாக்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் தொட்டுப் பார்த்தது அந்த இடத்தைத்தான்.

ஐந்து நாளும் வந்தார். கடைசி இரண்டு நாள், வடக்குச் சுவரின் கோடுகளை வருகிறவர்களுக்கு அவரே விளக்கினார். எந்த மூடை முன்மாரி நெல், எந்த மூடை சிறுபோகம், எந்தத் தோணி வாவியில் கவிழ்ந்து பாதி நெல் போனது. அந்தச் சுவரில் அதற்கு ஒரு அடையாளம் இருக்கிறது, வட்டத்தின் மேல் ஒரு வெட்டு. காத்தான்குடியிலிருந்து வந்த ஒரு வியாபாரி, தன்னுடைய வாப்பாவும் இப்படித்தான் கணக்கு வைப்பார் என்றார். இருவரும் வாவிப்பக்க வாசல் கல்லில் இருந்து மகரிப் பாங்கு சொல்லும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த நாலு கலைஞர்களின் வேலைகளுக்கும் குறையாமல் அந்தச் சுவரும் ஆட்களை நிறுத்தி வைத்தது. இதைச் சொன்னால் பிள்ளைகள் கோபிக்க மாட்டார்கள், அவர்களே சொன்னதுதான்.

இப்போது எங்கள் கோட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. போர்த்துக்கேயர் 1628-இல் கட்டியது, 1638-இல் ஒல்லாந்தர் பிடித்தது. இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி, நாலு மூலையிலும் கொத்தளம். எங்களுக்கு அது கோட்டை என்பதைவிடக் கச்சேரி, மாவட்ட அரசாங்க அலுவலகம். பிறப்புப் பத்திரம், காணி, ஓய்வூதியம், எல்லாவற்றுக்கும் அந்த வாசலால்தான் போனோம். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பீரங்கியைத் தொட்டுப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. கச்சேரி திராய்மடுவுக்குப் போய்விட்டது. கோட்டைக்குள் என்ன வரலாம் என்று ஊரில் பல பேச்சு. என்னைக் கேட்டால், இரண்டு அறையை இன்றைய கலைக்குக் கொடுக்க வேண்டும். தொல்பொருள் சட்டப்படி அந்தச் சுவரில் ஆணி அடிக்க முடியாது, அடிக்கவும் வேண்டாம். கயிறும் தீராந்தியும் போதும் என்று இந்தப் பிள்ளைகள் காட்டிவிட்டார்கள். வாள், பீரங்கிக்குண்டு, ஒல்லாந்தர் வரைபடம் ஆகியவை இருக்கட்டும். அந்த அறைகளில் மேசை போட்டு இருந்த எழுதுவினைஞர்கள், வரிசையில் நின்ற நாங்கள், அதுவும் அந்தக் கட்டடத்தின் வரலாறுதான். போத்துக்கீசன் இருந்ததைவிட நாங்கள் அங்கே நின்ற காலம் அதிகம்.

கிட்டங்கியில் நான் கற்றுக்கொண்ட வேறொரு விசயம் உண்டு, பழைய வீடு திருத்துகிற யாருக்கும் உதவும். தெற்குச் சுவரில் முன்பு எப்போதோ ஒரு மேசன் சீமெந்து பூசியிருந்தார், பலமாக இருக்கட்டும் என்று. அந்தப் பகுதிதான் இப்போது உப்புப் பூத்துப் பொரிந்து விழுகிறது. வாவிக்கரை மண்ணில் எப்போதும் ஈரம் இருக்கும், அது செங்கல் வழியாக மேலே ஏறும். சுண்ணாம்புச் சாந்து அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சீமெந்து விடாது, உள்ளே அடைத்து வைக்கும், உப்பு உள்ளேயே படிந்து செங்கல்லைத் தின்னும். அம்மப்பாவின் கரிக்கோடுகள் இத்தனை மாரி தாண்டி நிற்பதற்குக் காரணம் வடக்குச் சுவரில் யாரும் சீமெந்து பூசாததுதான். பிளாஸ்டிக் பெயின்ற் அடித்திருந்தாலும் இதே கதிதான். அடிக்க வேண்டும் என்றால் சுண்ணாம்பு அடியுங்கள்.

சரி, இப்போது நிலவரம் என்னவென்றால், பிள்ளைகள் இன்னும் ஒரு தடவை கேட்கிறார்கள். இந்த முறை ஒரு மாதத்துக்கு. அக்காவுக்கு விருப்பம். எனக்கும் விருப்பம், ஆனால் கூரை பயமாக இருக்கிறது. மாரி தொடங்குமுன் அஸ்பெஸ்டஸ் முழுவதையும் பக்குவமாகக் கழற்றி ஓடு போட வேண்டும். மேசன் சொன்ன கணக்கு எங்கள் இருவர் கைக்கும் கொஞ்சம் மேலேதான். விற்றுவிடச் சொல்லி ஒரு தரகர் இரண்டு தடவை வந்து போனார், இடம் வாவிக்கரை, ஹோட்டல் கட்ட ஆள் இருக்கிறதாம். அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார்.

போன கிழமை பெரியவர் வந்தார். கையில் ஒரு துண்டுக் கரி. ஐந்து நாளும் வந்த ஆட்களைத் தான் எண்ணி வைத்திருப்பதாகவும், எங்கே எழுதலாம் என்றும் கேட்டார். பழைய கோடுகளுக்குப் பக்கத்தில் எழுதச் சொன்னேன். அவர் மாட்டேன் என்றார், அது நெல்லுக்கு உரிய இடமாம். கதவுக்குப் பின்னால் ஒரு இடத்தைப் பிடித்து, நாலு கோடு, குறுக்கே ஒன்று என்று போடத் தொடங்கினார். நான் போய் வாவிப்பக்கக் கதவைத் திறந்துவிட்டேன், உள்ளே வெளிச்சம் போதவில்லை.